ஆயிரம் செல்லில் ஒன்று

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளைப் பருந்து என்றுதான் கூப்பிட்டார்கள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தால், மற்றவர்கள் நாலு தடவை பார்த்தும் கோட்டைவிடுவதை அவள் ஒரே பார்வையில் பிடித்துவிடுவாள். ஆஸ்பத்திரியின் பின்கட்டில், பிணவறைக்கும் சலவைக்கூடத்துக்கும் நடுவே இரண்டு அறைகள். கதிர்வீச்சு பட்டவர்களின் ரத்தம் அங்கே வரும். எவ்வளவு பட்டது என்பதை அந்த ரத்தத்தின் செல்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணித்தான் சொல்ல வேண்டும். வருஷத்தில் பாதி நாள் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ரத்தம் வந்துவிட்டால் அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது.

அன்று காலை நாலு குழாய் ரத்தம் வந்தது. ஊருக்கு வெளியே கொதிகலன் செய்யும் தொழிற்சாலை ஒன்று உண்டு. இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த இடம் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்க, கதிர்வீசும் சின்ன உலோகத் துண்டை வைத்து எக்ஸ்ரே மாதிரி படம் எடுப்பார்கள். ஒரு கம்பியின் முனையில் அது மாட்டியிருக்கும். வேலை முடிந்ததும் கம்பியை இழுத்து ஈயப் பெட்டிக்குள் பூட்டிவிடுவார்கள். இரண்டு நாளுக்கு முன் கம்பி மட்டும் பெட்டிக்குள் போயிருக்கிறது. கழன்று விழுந்த துண்டை யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் அது பொதுவான கருவிப்பெட்டி ஒன்றில் கிடந்தது. அந்தப் பக்கம் வேலை செய்த நாலு பேரையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

குழாய்களை வாங்கி வைக்கும்போதே அவள் போன் அடித்தது. தம்பி.

"அக்கா, உங்க ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன். மூணாவது மாடி. ஒண்ணும் இல்ல, ரத்தம் எடுக்கணும்னாங்க, எடுத்துட்டாங்க."

"பேக்டரியில அந்தத் துண்டு விழுந்த அன்னைக்கு நீ எங்க நின்னே?"

"பக்கத்துலதான். ஆனா நான் அதைத் தொடவே இல்லக்கா. ஆபீசர்கிட்டயும் சொல்லிட்டேன்."

தொட்டாயா என்று அவள் கேட்கவே இல்லை. போனை வைத்த பிறகுதான் அது உறைத்தது.

நேரே ஆய்வுக்கூடத் தலைவரிடம் போனாள். புள்ளியியல் படித்து இந்தத் துறைக்கு வந்தவர் அவர். கணக்கு சார் என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

"சார், இதுல ஒண்ணு என் தம்பியோட ரத்தம். நான் எண்ணக்கூடாது."

அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மேசையில் வைத்தார். "எண்ணத் தெரிஞ்சது மூணு பேரு. ஒருத்தன் பயிற்சிக்குப் போயிருக்கான். நான் ஒருத்தனே எண்ணினா, முடியறதுக்குள்ள டாக்டருங்க ஏதாவது ஒரு முடிவு எடுத்துடுவாங்க. பேரை எடுத்துட்டு நம்பர் போடச் சொல்றேன். எது யாரோடதுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கண்ணுல பட்டதை மட்டும் சொல்லுங்கம்மா."

ரத்தத்தை அவசரப்படுத்த முடியாது. வெள்ளணுக்களை வெதுவெதுப்பில் வைத்து, ஊட்டம் கொடுத்து வளர்க்க வேண்டும். ஒரு செல் இரண்டாகப் பிரியத் தயாராகும் அந்தச் சின்ன நேரத்தில்தான் குரோமோசோம்கள் தடித்துத் தெரியும். அதற்கு முழுதாக இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் அவள் மூன்றாவது மாடிக்குப் போகவில்லை. போனால் முகத்தைப் பார்த்து எதையாவது கண்டுபிடித்துவிடுவோம் என்ற பயம்.

மூன்றாம் நாள் காலை கணக்கு சாரும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். குரோமோசோம் என்றால் ஒரு சின்னக் கயிறு மாதிரி, நடுவில் எங்கோ ஓரிடத்தில் இறுக்கிக் கட்டின மாதிரி ஓர் இடுப்பு இருக்கும். கதிர்வீச்சு அதை உடைக்கும். உடைந்த துண்டுகள் அவசரத்தில் தப்பும் தவறுமாக ஒட்டிக்கொள்ளும்போது, சிலது ஒரே உடம்பில் இரண்டு இடுப்போடு நிற்கும். அந்த இரட்டை இடுப்புகளை எண்ணுவதுதான் வேலை. எத்தனை செல்லுக்கு எத்தனை என்று தெரிந்தால், டோஸ், அதாவது உடம்பு வாங்கின கதிர்வீச்சு, எத்தனை கிரே என்று கணக்குப் போட்டுவிடலாம்; தூரத்துக்கு மீட்டர் மாதிரி கதிர்வீச்சுக்கு கிரே.

முதல் மூன்று நம்பர்களும் சுத்தமாக இருந்தன. நாலாவது ஸ்லைடில் முதல் வரிசையிலேயே ஒரு செல்லுக்குள் மூன்று இரட்டை இடுப்புகள். அவள் கை மைக்ராஸ்கோப்பின் குமிழை விட்டு நழுவியது. மறுபடி பிடித்துக்கொண்டு எண்ணினாள். நாலில் ஒன்றுதான் தம்பி, மற்றவர்களாக இருக்க மூன்று பங்கு வாய்ப்பு இருக்கிறது என்று மனசு கணக்குப் போட்டது. இன்னொருவன் வீட்டுக்காரிக்கும் இதே வேண்டுதல்தானே என்று தோன்றியதும் வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் கணக்கு சார் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "ஐந்நூறு செல்லுல நாற்பத்தொண்ணு. மொத்தமா சராசரி போட்டா ஒரு கிரே வருது. அவ்வளவுதான்னா, கொஞ்சம் வாந்தி, கொஞ்சம் சோர்வு, ஒரு மாசத்துல எழுந்து நடமாடுவாரு. கம்பெனி டாக்டர் கேட்டா சந்தோஷமா வீட்டுக்கு அனுப்பிடுவாரு."

"சராசரி பொய் சொல்லுது சார்."

"ஆமா. சொல்லுங்க."

"மழைன்னா தெரு முழுக்க நனையணும். இங்க பதினேழு செல்லுதான் நனைஞ்சிருக்கு. அதுவும் தொப்பலா. மிச்சம் எல்லாம் காய்ஞ்சு கிடக்கு. யாரோ ஒரு மூலையில குடத்தோட கவுத்திருக்காங்க."

அவர் அதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தார். உடம்பு முழுக்கச் சீராகப் பட்டிருந்தால், ஒரே செல்லுக்குள் ஒன்றுக்கு மேல் இருப்பது இரண்டு மூன்று செல்களில்தான் நடக்கும். இங்கே பதின்மூன்றில் நடந்திருந்தது. உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு, ஆறு கிரே அளவுக்கு வாங்கியிருக்கிறது. மற்ற பாகம் ஏறக்குறையத் தப்பித்திருக்கிறது. அந்த ஐந்தில் ஒரு பங்கு எங்கே என்று ரத்தம் சொல்லாது. அது சுற்றி ஓடும் பொருள்.

"பக்கத்துல நடந்து போனவருக்கு இப்படி வராது. உடம்போட ஒட்டி வெச்சிருந்தாதான் வரும்," என்றார். பிறகு கீழே அலுவலகத்துக்குப் போன் செய்து நாலாம் நம்பர் யார் என்று கேட்டார். கேட்டுவிட்டு அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

மூன்றாவது மாடி அறையில் தம்பி கட்டிலில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். முகத்தில் களைப்புகூட இல்லை. அவள் கதவைச் சாத்தினாள்.

"எந்தப் பாக்கெட்டுல வெச்சிருந்தே?"

"என்னக்கா கேக்கறே?"

"நீ தொடலைன்னு சொல்றே. உன் ரத்தம் அப்படிச் சொல்லலை. எங்க வெச்சிருந்தேன்னு தெரிஞ்சாதான் அந்த இடத்துல என்ன வரப்போகுதுன்னு டாக்டருங்க தயாரா இருக்க முடியும். இன்னும் கொஞ்ச நாள்ல தோல் வெந்து கழலும்டா. அப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?"

அவன் செய்தித்தாளை நாலாக மடித்தான், எட்டாக மடித்தான். "வலது பக்கம். முன் பாக்கெட்," என்றான் கடைசியில். "மிஷின்லேர்ந்து ஏதோ திருகு விழுந்திருக்குன்னு நினைச்சு எடுத்தேன். அப்புறம் குடுத்துக்கலாம்னு போட்டுக்கிட்டேன். மறந்தே போச்சு. சாயங்காலம் கருவிப்பெட்டியில போட்டுட்டு வந்துட்டேன்."

"இதை ஏன்டா முதல்லயே சொல்லலை? வேலை போயிடும்னா?"

"வேலை போனா மயிரே போச்சு." மடித்த செய்தித்தாளைக் கட்டிலில் எறிந்தான். "மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன்க்கா. அது பாக்கெட்டுலதான் இருந்துச்சு. அவ பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் படுத்துட்டுக் கிளம்பினேன்."

தம்பி மனைவிக்கு அப்போது மூன்றாவது மாதம்.

மறுநாள் தம்பி மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கூடவே அவள் அம்மாவும் வந்தாள். ரத்தம் எடுக்கும்போது தம்பி மனைவி நிதானமாகத்தான் இருந்தாள்.

"அண்ணி, அன்னைக்கு எங்களுக்குள்ள சண்டை. அவருக்குச் சாப்பாட்டை வெச்சுட்டு நான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். அவரு கிளம்பற வரைக்கும் வெளிய வரலை."

"நீ பக்கத்துலயே இருந்தேன்னு அவன் சொல்றானே."

"அவருக்கு என்னைக்கு எது ஞாபகம் இருந்துச்சு?"

இருவரில் ஒருவர் சொல்வது தப்பு. பருந்துக்கு ஸ்லைடில் இருப்பது தெரியும், எதிரில் இருக்கும் முகத்தில் இருப்பது தெரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாளா, கையெட்டும் தூரத்தில் இருந்தாளா என்பதில்தான் எல்லாமே இருந்தது. மகப்பேறு டாக்டர் நேராகப் பேசுகிறவர். "பத்துல ஒரு பங்கு கிரேக்குக் கீழன்னா நான் பயப்பட மாட்டேன். அதுக்கு மேலன்னா உட்கார்ந்து பேசணும். எதுவா இருந்தாலும் சீக்கிரம் சொல்லுங்க, வாரம் ஏற ஏறக் கஷ்டம்," என்றார்.

தம்பி மனைவியின் அம்மா வராந்தாவில் பருந்தை மறித்தாள். "எண்ணறது என்னமா எண்ணறது? சந்தேகம்னு வந்தப்புறம் எதுக்கு வெச்சுக்கணும்? சின்ன வயசு. இது போனா அடுத்தது."

தோல் மருத்துவர் அன்று காலையில்தான் பருந்தைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அந்தப் பாக்கெட் இருந்த இடத்தையும் டோஸையும் பார்த்தால், தம்பிக்கு இனி குழந்தை பிறப்பது சந்தேகம்தான். அடுத்தது என்று ஒன்று இல்லாமலே போகலாம். இதைச் சொன்னால் தராசு ஒரு பக்கம் சாயும். சொல்லாவிட்டால், பாதி தெரிந்துகொண்டு முடிவெடுப்பாள் அந்தப் பெண். வராந்தாவில் நின்று யோசித்துவிட்டு நேரே தம்பியிடம் போனாள்.

"டாக்டர் உன்கிட்ட சொல்லிட்டாரா?"

தலையாட்டினான்.

"அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். இந்தத் தடவை நீயே சொல்லு. நம்பர் வர்றதுக்கு முன்னாடி சொல்லு."

அவன் சொன்னான். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. வெளியே வந்த தம்பி மனைவி யாரையும் பார்க்காமல் மாடிப்படியில் இறங்கிப் போனாள். அதற்குப் பிறகு புருஷனோடு பேசவே இல்லை.

ஆய்வுக்கூடத்தில் கணக்கு சார் இன்னொரு காரியம் செய்திருந்தார். தன் கையை நீட்டித் தன் ரத்தத்தையும் எடுக்கச் சொல்லி, இரண்டையும் நம்பர் மாற்றிக் கலந்து வைக்கச் சொல்லிவிட்டார். "யாரோடதுன்னு தெரியாம எண்ணினாத்தான் அது எண்ணிக்கை. தெரிஞ்சு எண்ணினா பிரார்த்தனை," என்றார்.

ஒவ்வொன்றிலும் ஆயிரம் செல். இருவரும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். கண் எரிந்தது, கழுத்து இறுகியது. தண்ணீர் குடிக்க எழுந்தால் எண்ணிக்கை தவறிவிடுமோ என்று தாகத்தோடே உட்கார்ந்திருந்தாள். முதல் நம்பரில் ஒன்று. இரண்டாவது நம்பரில் மூன்று. மூன்று என்று கூட்டினவள் மறுபடி ஒரு தடவை கூட்டிப் பார்த்தாள். அது தம்பி மனைவியுடையதுதான் என்று எப்படியோ நிச்சயமாகத் தோன்றிவிட்டது. குழந்தை, தம்பி மாமியாரின் பேச்சு, தம்பியின் முகம் எல்லாம் ஒரே மூச்சில் வந்து போயின.

எந்த நம்பர் யாருடையது என்று கணக்கு சார் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். வைத்தார். "மூணு என்னோடது," என்றார்.

"சார்?"

"வயசாச்சுல்ல. சின்ன வயசுல கதிர்வீச்சு லேப்ல கண்டபடி கைய விட்டிருக்கேன். அதான் எழுதி வெச்சிருக்கு." முதல் தடவையாக அவர் முகத்தில் ஏதோ ஒன்று நெளிந்தது. அதைச் சிரிப்பு என்றே சொல்லலாம். பிறகு அது போய்விட்டது. "ஆனா ஒண்ணுன்னா நல்லதுன்னு நினைச்சுடாதீங்க."

"எதுவுமே படாதவங்களுக்கும் ஆயிரத்துல ஒண்ணு இருக்குமே சார்."

"இருக்கும். அதனால இந்த ஒண்ணு ஒண்ணுமே இல்லாமயும் இருக்கலாம். இல்ல, உண்மையில அஞ்சு இருக்க வேண்டிய இடத்துல நம்ம கண்ணுல ஒண்ணு பட்டிருக்கலாம். ஆயிரம் செல்லை வெச்சுக்கிட்டு இதுக்கு மேல அடிச்சுச் சொல்ல முடியாது. மேல் எல்லை பத்துல ஒரு பங்கைத் தாண்டிப் போகுது. டாக்டர் சொன்ன கோட்டுக்கு அந்தப் பக்கம்."

"இப்போ என்ன பண்றது?"

"இன்னும் எண்ணணும். எண்ண எண்ண எல்லை சுருங்கும். இன்னும் ரெண்டாயிரம்."

இனி கலக்கவும் மறைக்கவும் நேரமில்லை. யாருடையது என்று தெரிந்தேதான் எண்ண வேண்டியிருந்தது. சந்தேகம் வந்தால் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வது என்று பேசிக்கொண்டார்கள். முதல் நாள் எதுவும் இல்லை. இரண்டாம் நாளும் காலை முழுக்க எதுவும் இல்லை. மேசைக்கு இரண்டு பக்கமும் தட்டுகளில் ஸ்லைடுகள் குறைந்துகொண்டே வந்தன. அவள் லேசாக மூச்சுவிட ஆரம்பித்திருந்தாள். மத்தியானத்துக்கு மேல் ஒரு செல் வந்து நின்றது.

இரண்டு குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், ஒரே உடம்பில் இரண்டு இடுப்பு மாதிரித் தெரியும். அது சும்மா தோற்றம். நிஜமாக உடைந்து ஒட்டியிருந்தால், பக்கத்தில் எங்காவது மிஞ்சின துண்டு ஒன்று அநாதையாகக் கிடக்கும். அவள் தேடினாள். ஓரத்தில் ஒரு புள்ளி. துண்டாகவும் இருக்கலாம், சாயத்தின் கசடாகவும் இருக்கலாம். கசடுதான், என்றது மனசு. குமிழைத் திருகி மேலும் கீழும் பார்த்தாள். கசடாக இருந்துவிட்டுப் போகட்டுமே. அடுத்த செல்லுக்கு நகர விரல் போனது. போன விரல் அங்கேயே நின்றது.

"சார், இங்க வாங்க."

அவர் வந்து குனிந்து வெகுநேரம் பார்த்தார். "எனக்கும் ரெண்டுங்கெட்டானாத்தான் தெரியுது. நீங்க என்ன சொல்றீங்க?"

"தெரியலை."

"தெரியலைன்னு பருந்து சொல்லலாமா? இது யாரோ ஒரு வெல்டரோட ஸ்லைடு. இப்போ சொல்லுங்க."

"வெல்டரோடதுன்னா ரெண்டு இடுப்புன்னு எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிருப்பேன்."

"அப்போ அதையே எழுதுங்கம்மா."

எழுதினாள். மிச்சம் இருந்த முந்நூறு செல்லையும் எப்படி எண்ணி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. வேறு எதுவும் இல்லை. மூவாயிரத்துக்கு இரண்டு. கணக்கு சார் உட்கார்ந்து போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். அவள் அவருடைய பென்சில் முனையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சந்தேகமா இருந்ததையும் சேர்த்துத்தான் போட்டிருக்கேன்," என்றார். "எவ்வளவு மோசமா எடுத்துக்கிட்டாலும் மேல் எல்லை நூத்துல ஆறு பங்குதான் வருது. டாக்டரோட கோடு நூத்துல பத்து, அதுக்கு நல்லா கீழ. கூப்பிடுங்க."

தம்பி மனைவி மகப்பேறுப் பிரிவின் வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அம்மா சற்றுத் தள்ளி நின்று யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். பருந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். எத்தனை செல், எத்தனை கண்டார்கள், டாக்டரின் கோடு எங்கே, இவளுடைய எண் எங்கே என்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ ஒண்ணுமே இல்லன்னு எடுத்துக்கலாமா அண்ணி?"

"ஒண்ணுமே இல்லன்னு எங்களால சொல்ல முடியாதும்மா. இதுக்கு மேல இல்லன்னு சொல்ல முடியும். இந்த அளவுக்கு யாரும் குழந்தையைப் பத்திப் பயப்பட மாட்டாங்க. டாக்டரும் அதைத்தான் சொல்லுவாங்க. முடிவு உன்னோடது."

தம்பி மனைவி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு அம்மா இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான் கதவைச் சாத்தலை. அவரு பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன். சண்டையெல்லாம் எதுவும் இல்ல. தூரத்துல இருந்தேன்னு சொன்னா கலைக்கச் சொல்ல மாட்டீங்கன்னு நினைச்சேன்."

பருந்துக்குச் சட்டென்று கோபம் வந்தது. தம்பியும் சரி, இவளும் சரி, ஆளுக்கொரு பொய்யை வைத்துக்கொண்டு அந்தக் குழந்தையைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார்கள். நடுவில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு எண்ணினது பருந்துதான். கோபம் வந்த வேகத்திலேயே அடங்கியது. "நீ எங்க உட்கார்ந்திருந்தேன்னு நாங்க கணக்குல சேர்க்கவே இல்ல," என்றாள். "ரத்தத்தை மட்டும்தான் பார்த்தோம். பக்கத்துல இருந்திருந்தாலும் அந்த நம்பர் அதேதான்."

அப்போதுதான் அந்தப் பெண் அழுதாள். அழுதுகொண்டே, "வெச்சுக்கறேன் அண்ணி," என்றாள்.

மூன்றாவது வாரம் தம்பியின் வலது தொடை சிவந்தது. பிறகு கொப்புளித்தது. பிறகு பார்க்கச் சகிக்கவில்லை. எங்கே வரும், எவ்வளவு ஆழம் போகும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்ததால் டாக்டர்கள் தயாராக இருந்தார்கள். இரண்டு அறுவை சிகிச்சை செய்து, முதுகிலிருந்து தோலை எடுத்து ஒட்டினார்கள். காலை எடுக்க வேண்டி வரவில்லை. கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து நடக்கிறான், அவ்வளவுதான். தொழிற்சாலை அவனை வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆனால் அந்தக் கூடத்துக்குள் விடவும் இல்லை. பண்டகசாலையில் உட்கார வைத்திருக்கிறார்கள். தம்பி மனைவி தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்து அவனுக்குக் கட்டு மாற்றும்போது கூடவே நின்றாள். பேச ஆரம்பித்தது எப்போது என்று இருவருக்குமே நினைவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. எடை சரியாக இருந்தது, அழுகையும் நன்றாக இருந்தது. பருந்து கைப்பையில் ஒரு சின்னக் குழாயை வைத்துக்கொண்டுதான் போயிருந்தாள். குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தம் கொஞ்சம் கிடைத்தால் போதும். ஓர் ஆயிரம் செல். மனசுக்கு ஒரு நிம்மதி.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்," என்று ஆரம்பித்தாள். விஷயத்தைச் சொன்னாள்.

தம்பி மனைவி குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுலயும் ஒண்ணு ரெண்டு இருக்கும்தானே அண்ணி? எல்லாருக்கும் இருக்கும்னு நீங்கதானே சொன்னீங்க."

"இருக்கலாம்."

"இருந்தா அப்புறம் நீங்க இன்னும் ரெண்டாயிரம் எண்ணணும்பீங்க. வேண்டாம் அண்ணி. எண்ணினது போதும்."

பருந்துக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. ஆராய்ச்சி, பதிவு, பின்னால் வரக்கூடிய கேள்விகள். கைப்பையை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "சரி, கொஞ்ச நேரம் தா," என்று குழந்தையை வாங்கிக்கொண்டாள்.